கேஸ் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன்

மலையகத்து நானுஓயாவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். இரட்டைக் கதவு பிரிட்ஜ், வாங்கி நாலு வருஷம். மார்கழி கடைசியிலிருந்து மேலே ஃப்ரீசரில் வைத்த மீன் காலையில் தொட்டால் மெத்தென்று இருக்கிறது, ஐஸ் கிரீம் கூழாகிவிடுகிறது. கீழ்த்தட்டில் பாலும் யோகட்டும் நல்ல குளிராகத்தான் இருக்கின்றன. மத்தியானம் தாண்டினால் மேலேயும் திரும்ப உறைகிறது. பார்க்க வந்தவர் பின்பக்கம் கை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே குளிரூட்டும் கேஸ் போய்விட்டது, நிரப்ப வேண்டும் என்று சொல்லி, அரை மாதச் சம்பளம் அளவுக்கு ஒரு தொகை கேட்டிருக்கிறார். "வீட்டிலேயே நாங்கள் செய்து பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா, அண்ணா? எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக்கூடாது?" என்பது கேள்வி.

நிறைய இருக்கிறது. முதலில் உங்கள் பிரிட்ஜுக்கு வருகிறேன், அப்புறம் மற்றவற்றைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கேஸ் போகவில்லை, தங்கச்சி. கேஸ் போன பெட்டி மத்தியானத்தில் திரும்பி வராது. குழாயில் ஊசிமுனையளவு ஓட்டை விழுந்தால் குளிர் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். காலையில் போய் மாலையில் வந்து சேராது. விடியற்காலையில் இளகி, வெயில் ஏறியதும் உறைகிறது என்றால் அதற்குக் காரணம் நம் ஊர்க் குளிர்தான்.

குளிரில் குளிர்ப்பெட்டி இன்னும் நன்றாகத்தானே வேலை செய்ய வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஃப்ரீசர் மேலே இருக்கும் சாதாரண இரட்டைக் கதவுப் பெட்டிகளில், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் ஒன்றுதான். அதை ஓடு, நில் என்று சொல்லும் தெர்மோஸ்டாட்டும் பல பெட்டிகளில் ஒன்றுதான். அந்தத் தெர்மோஸ்டாட் இருப்பது கீழ்ப்பெட்டியில். கீழே எவ்வளவு குளிர் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். கொழும்பில் 30 பாகை வெப்பத்தில் சுவர் வழியாகவும் கதவு வழியாகவும் சூடு உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். கீழ்ப்பெட்டி கொஞ்ச நேரத்தில் சூடாகும், தெர்மோஸ்டாட் கம்ப்ரசரைக் கிளப்பும், ஃப்ரீசருக்கும் சேர்த்துக் குளிர் போகும்.

நானுஓயாவில் தை மாதத்து இரவில் குசினிக்குள்ளேயே 12 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பெட்டிக்கு வேண்டியது 4 பாகை. வித்தியாசம் வெறும் 8 பாகை, அதனால் சூடு உள்ளே போவது மிக மெதுவாக நடக்கும். தெர்மோஸ்டாட்டுக்குக் கம்ப்ரசரைக் கூப்பிட வேண்டிய தேவையே வராது, மணிக்கணக்கில் சும்மா கிடக்கும். ஃப்ரீசர் நிற்க வேண்டியதோ கழித்தல் 18 பாகையில். அதற்கும் வெளிக்கும் 30 பாகை வித்தியாசம். அங்கே சூடு ஏறிக்கொண்டே இருக்கும், கேட்க ஆளில்லை. விடியும்போது மீன் மெத்தென்று ஆகிவிடுகிறது. பத்து, பதினொரு மணிக்குக் குசினி சூடாகி, அடுப்பெரிந்து, நீங்களும் நாலு தரம் கதவைத் திறந்த பிறகு கம்ப்ரசர் ஓடத் தொடங்குகிறது. மத்தியானம் எல்லாம் சரியாகிவிடும்.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். தையிலும் மாசியிலும் நுவரெலியா, அட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து வரும் இந்த ஒரே புகாரை நான் 20 வருஷத்துக்கு மேலாகக் கேட்டு வருகிறேன். தொழில் பழகிய புதிதில் எனக்கும் இது தெரியாது. ஒரு வீட்டில் தை மாதம் கேஸ் குறைவு என்று நினைத்து நிரப்பினேன். பங்குனியில் பெட்டி அருமையாக வேலை செய்தது, நான் சரிசெய்துவிட்டேன் என்றே நம்பினேன். அடுத்த தையில் அதே வீட்டிலிருந்து அதே புகார். அவர்கள் கொடுத்த காசை அப்போது என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

உங்கள் பெட்டியின் உள்பக்கச் சுவரிலோ பின்பக்கத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் காலநிலை வகுப்பு என்று ஒன்றிரண்டு ஆங்கில எழுத்துகள் போட்டிருப்பார்கள். எஸ்என் என்றால் அறையின் வெப்பம் 10 முதல் 32 பாகை வரை, என் என்றால் 16 முதல் 32, எஸ்டி என்றால் 16 முதல் 38, டி என்றால் 16 முதல் 43. நான் நம் பக்கத்தில் திறந்து பார்த்தவற்றில் அதிகம் டி, எஸ்டி. இரண்டுமே 16 பாகைக்குக் கீழே ஒழுங்காக வேலை செய்வதாக உத்தரவாதம் கொடுக்காதவை. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் வருஷச் சராசரியே ஏறக்குறைய 16 பாகைதான். அடுத்த முறை யாராவது புதிதாக வாங்கினால், விலைச்சீட்டைப் பார்க்கும் முன் இந்த எழுத்தைப் பாருங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. தெர்மோஸ்டாட் திருகை நம் ஆட்கள் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் 1க்குத் திருப்பி வைப்பார்கள், "வெளியிலேயே குளிர்தானே, கரண்ட் மிச்சம்" என்று. இந்தக் கோளாறில் அது எதிர்வேலை. 1இல் வைத்தால் கம்ப்ரசர் இன்னும் குறைவாக ஓடும், ஃப்ரீசர் இன்னும் இளகும். தை, மாசியில் ஒரு எண் கூட்டி வையுங்கள். கீழே கரட்டும் லீக்ஸும் உறையத் தொடங்கினால் அரை எண் குறையுங்கள். அடுத்தது, பெட்டி நிற்கும் இடம். இஸ்தோப்பிலோ, காற்று வரும் பின்வாசல் பக்கமோ நின்றால் வீட்டுக்குள் கதகதப்பான சுவர்ப்பக்கம் மாற்றுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். விறகுப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் வேறு தொல்லை தரும். மூன்றாவது ஒரு சின்ன உபாயம்: இரவு படுக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய இரண்டு போத்தல்களை மூடி, கீழ்த்தட்டில் தெர்மோஸ்டாட் பக்கமாக வையுங்கள். கொதிநீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும். பால், சமைத்த கறிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கீழ்ப்பெட்டி கொஞ்சம் சூடானதும் கம்ப்ரசர் எழும்பி ஓடும், ஃப்ரீசர் இரவைத் தாண்டிவிடும். சில பெட்டிகளில் இதே வேலைக்கென்று தெர்மோஸ்டாட் பக்கத்தில் குளிர்காலச் சுவிட்ச் ஒன்று வைத்திருப்பார்கள். அதைப் போட்டால் உள்ளே சின்னதாக ஒரு ஹீட்டர் சூடு கொடுக்கும். புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

உண்மையில் கேஸ் போன பெட்டி எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். ஃப்ரீசர் தட்டு முழுக்கப் பூக்க வேண்டிய உறைபனி ஒரு மூலையில் மட்டும் பூக்கும், மற்ற இடம் ஈரமாக வெறுமனே இருக்கும். பின்பக்கக் கறுப்புக் கம்பி வலையோ, புதிய பெட்டியானால் பக்கச் சுவரோ, ஓடும்போது இளஞ்சூடாக இருக்க வேண்டும். அது பச்சைத் தண்ணீர் போல இருக்க, கம்ப்ரசர் மட்டும் கை வைக்க முடியாமல் கொதிக்கும். இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் கேஸைச் சந்தேகிக்கலாம். கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓடிக் குறைகிற சாமான் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்பித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். மேட்டு நிலத்தில் கேஸ் நிற்காது என்ற பேச்சும் வெறும் பேச்சுதான்.

நான் பார்த்த கேஸ் கசிவுகளில் பல எங்கே தொடங்கின தெரியுமா? குசினிக் கத்தியில். கொட்டகலைப் பக்கம் ஒரு வீடு, தீபாவளிக்கு முந்தின நாள். ஒற்றைக் கதவுப் பெட்டி, ஃப்ரீசர் வாய் முழுக்க ஐஸ் அடைத்து, இறைச்சிப் பொதி ஒன்று அதற்குள் பதிந்துபோயிருந்தது. வீட்டுக்காரர் தேங்காய் உடைக்கிற கத்தியின் முனையால் சுரண்டியிருக்கிறார். நான் போனபோது ஐஸ் பாதி கழன்று தரையில் கிடந்தது. அலுமினியத் தகட்டில் நெல்மணி அளவுகூட இல்லாத ஒரு கீறல், அதைச் சுற்றி எண்ணெய் ஈரம் மினுங்கிக்கொண்டிருந்தது. "ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்தது, பாம்போ என்று பயந்துவிட்டேன்" என்றார். அந்தச் சத்தத்தோடு பெட்டியின் உயிர் போய்விட்டது. அந்தத் தகட்டை ஒட்டுவது கடினம், ஒட்டினாலும் நிலைக்காது, புதிய தகட்டுக்கு ஆகும் செலவு பழைய பெட்டியின் பெறுமதியைத் தாண்டும்.

ஐஸ் எடுக்க ஒரே வழி பொறுமை. பிளக்கைக் கழற்றுங்கள். சாமானைக் கடதாசியில் சுற்றி ஒரு வாளிக்குள் வைத்து மேலே சாக்கைப் போட்டு மூடுங்கள், நம் குளிரில் ஐஸ் கழலும்வரை தாங்கும். ஃப்ரீசருக்குள் ஒரு பேசினில் சுடுதண்ணீர் வைத்துக் கதவைச் சாத்துங்கள். 15 நிமிஷத்துக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்றுங்கள். மூன்றாவது தரம் ஐஸ் பாளம் தானாகவே கழன்று "தொப்" என்று விழும். கீழே ஒரு பழைய துவாயை விரித்து வையுங்கள். ஐஸ் ஒரு விரல்கடை தடிப்புக்கு வரும் முன் இதைச் செய்தால் கத்திக்கு வேலையே வராது.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்று விற்கும் பெட்டிகளில் ஐஸ் கண்ணுக்குத் தெரியாது. பின் தகட்டுக்கு உள்ளே கட்டும். மேலே குளிர், கீழே சூடு, உள்ளே விசிறி எதிலோ உரசுகிற "கர்கர்" சத்தம் இருந்தால் அங்கே ஐஸ் அடைத்திருக்கிறது. பிளக்கைக் கழற்றி, இரண்டு கதவையும் திறந்து போட்டு, கொழும்பில் ஒரு நாள் விடுவார்கள், நாம் இரண்டு நாள் விட வேண்டும். மறுபடி போட்டதும் நன்றாக ஓடி, ஒன்றிரண்டு வாரத்தில் அதே கோளாறு திரும்பினால் ஐஸைக் கரைக்கிற ஹீட்டரோ, டைமரோ, பைமெட்டல் என்ற சின்னச் சுவிட்சோ பழுது. டெஸ்டர் பிடிக்கத் தெரிந்த தம்பிமாருக்கு ஒரு விஷயம்: அந்தப் பைமெட்டல் சுவிட்ச் கடுங்குளிரில் மட்டும்தான் மூடும். கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தால் தொடர்பு காட்டாது. அதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று நல்ல சாமானை வீசியவர்கள் நிறையப் பேர். வேறொரு பிரிட்ஜின் ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்து எடுத்த கையோடு பாருங்கள்.

இப்போது கரண்ட் விஷயம். மலையகத்தில் பெட்டிகளைக் கொல்வதில் கத்திக்கு அடுத்த இடம் இதற்கு. லயங்கள் என்ற வரிசை வீடுகளுக்கும் மற்றத் தோட்டத்துக் குடியிருப்புகளுக்கும் கம்பி நெடுந்தூரம் வருகிறது. மாலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கும் கேத்தலும் அயனும் போட்டால் கடைசி வீட்டில் வோல்ட் இறங்கிவிடும். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். அது 180க்கு இறங்கினால் விளக்கு மங்கலாக எரியும், அவ்வளவுதான். பிரிட்ஜுக்கு அப்படியில்லை. கம்ப்ரசர் சுற்றத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் பலமான கரண்ட் வேண்டும். அது கிடைக்காவிட்டால் "உம்ம்" என்று முனகும், சில விநாடியில் "டிக்" என்று ஓவர்லோட் என்ற காப்புச் சுவிட்ச் துண்டிக்கும், ஆறியதும் மறுபடி முனகும். இரவெல்லாம் இந்த உம்ம்-டிக், உம்ம்-டிக் கேட்டால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள். விட்டு வைத்தால் உள்ளே சுருள் எரிந்துவிடும்.

கரண்ட் போய் உடனே வந்தாலும் இதே கதைதான். ஓடி நின்ற கம்ப்ரசருக்குள் ஒரு பக்கம் அழுத்தம் கூடியிருக்கும், மறுபக்கம் குறைந்திருக்கும். இரண்டும் சமமாக ஐந்து நிமிஷம் வேண்டும். அதற்குள் கரண்ட் வந்தால் அது மூச்சுப் பிடித்துத் தூக்கப் பார்த்துத் தோற்கும். 2022 பங்குனிக் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததே, அந்த மாதங்களில் நான் மாற்றிய, கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலேக்களுக்குக் கணக்கில்லை. கரண்ட் போனவுடன் எழும்பி பிரிட்ஜ் பிளக்கைக் கழற்றுங்கள். வந்து ஐந்து நிமிஷம் கழித்துப் போடுங்கள். முடிந்தால் கரண்ட் வந்து கொஞ்ச நேரம் கழித்தே பிரிட்ஜுக்குக் கொடுக்கிற காட் (guard) ஒன்றை வாங்குங்கள். வோல்ட் அடிக்கடி இறங்குகிற வீடானால் ஸ்டெபிலைசர். பிளக்கில் செருகினால் வோல்ட்டை எண்ணில் காட்டும் சின்ன மீற்றர் ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும். அதை ஒரு கிழமை பார்த்து எழுதி வைத்தால், மின்சாரக் கந்தோருக்கு எழுதும்போது உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். வெறுமனே "கரண்ட் குறைவு" என்று எழுதும் கடிதத்தைவிட, இன்ன நாள் இன்ன நேரம் 182 வோல்ட் என்று எழுதிய கடிதத்துக்குப் பெறுமதி வேறு.

உம்ம்-டிக் நல்ல வோல்ட்டிலும் வந்தால் ரிலேயைப் பாருங்கள். இது வீட்டில் செய்யக்கூடிய வேலை, கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் இன்வேர்ட்டர் பெட்டியாக இல்லாதவரை. பிளக்கைக் கழற்றி அந்தப் பிளக்கை உங்கள் கண்ணெதிரே வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாரும் தவறிப் போட்டுவிடக்கூடாது. பின்பக்கம் கீழே கறுப்புச் சட்டி போல இருப்பது கம்ப்ரசர். அதன் பக்கவாட்டில் கம்பி கிளிப் ஒன்றால் பிடித்த பிளாஸ்டிக் மூடி இருக்கும். கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாக நெம்பினால் மூடி வரும். உள்ளே மூன்று முனைகளில் செருகியபடி தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு சாமான் இருக்கும், அதுதான் பீடிசி ரிலே. கரண்டைப் பிடித்து வைக்கும் கெபாசிட்டர் உருளை ஒன்றும் கூட இருந்தால் அதோடு மூடிவிடுங்கள். பிளக் கழன்ற பிறகும் அது அடிக்கும். இல்லையென்றால் கம்பிகள் எப்படிச் செருகியிருக்கின்றன என்று போனில் படம் எடுத்துவிட்டு ரிலேயை நேராக இழுங்கள். காதோரம் வைத்து ஆட்டிப் பாருங்கள். நல்ல ரிலே ஊமையாக இருக்கும். உள்ளே இருக்கும் சாம்பல் நிற வில்லை உடைந்திருந்தால் கிலுகிலுப்பை போலச் சத்தம் வரும், சில நேரம் கருகிய வாசமும் வரும். அதே எண் போட்ட ரிலேயை வாங்கி அதே மாதிரி செருகினால் வேலை முடிந்தது. கம்ப்ரசர் போய்விட்டது என்று எழுதிப் போட்ட எத்தனையோ பெட்டிகள் இந்த ஒரு வில்லையால் படுத்தவை.

கையில் டெஸ்டர் மீற்றர் இருந்தால் அப்படியே கம்ப்ரசரின் மூன்று முனைகளையும் இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். மூன்று அளவு வரும். பெரிய அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு 12, 18 என்றால் மூன்றாவது 30 ஓம். இப்படி வந்தால் சுருள் நன்றாக இருக்கிறது. எந்த முனைக்கும் கம்ப்ரசர் உடம்புக்கும் இடையே (பெயின்டைச் சுரண்டிய இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்) எந்த அளவும் காட்டக்கூடாது. காட்டினால் உடம்பில் கரண்ட் இறங்குகிறது, அந்தப் பெட்டியைத் திரும்பப் போடவே வேண்டாம்.

மூடியைத் திறக்கிற சாக்கில் அங்கே எலி இருக்கிறதா என்றும் பாருங்கள். பனிக்காலத்தில் கம்ப்ரசர்ச் சூட்டுக்கு அவை வந்து படுக்கும், கந்தலும் கடதாசியும் கொண்டுவந்து கூடு கட்டும், வயரையும் கடிக்கும்.

ஈரம் நம் பக்கத்து மூன்றாவது தொல்லை. வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவமழைக் காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும். கதவு ரப்பரின் மடிப்புக்குள் கறுப்புப் பூஞ்சணம் பிடித்து, ரப்பர் பிசுபிசுத்து, சாத்தினாலும் ஒட்டாது. நூறு ரூபாத் தாள் ஒன்றைக் கதவுக்கும் உடம்புக்கும் இடையில் வைத்துச் சாத்தி இழுங்கள். பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் நல்லது, வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்திருக்கிறது. நாலு பக்கமும் பாருங்கள். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியை விரலில் சுற்றி மடிப்புக்குள் விட்டுத் துடைத்து, காயவிட்டு, நெளிந்த இடத்தில் சுடுதண்ணீரில் பிழிந்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்து விரலால் நீவிவிட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். பெட்டியின் முன்கால்களைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், கதவு தானாகவே சாத்திக்கொள்ளும்.

மரக்கறிப் பெட்டிக்குக் கீழே தண்ணீர் தேங்கினால் பின்சுவரின் அடியில் இருக்கும் வடிகால் துளை அடைத்திருக்கிறது. பாமசியில் வாங்கும் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து மெதுவாக அடியுங்கள். கம்பி விட்டுக் குத்த வேண்டாம். தரையில் தண்ணீர் வந்தால் கம்ப்ரசருக்கு மேலே இருக்கும் தட்டைப் பாருங்கள். வடிகிற தண்ணீர் அங்கே சேர்ந்து கம்ப்ரசர்ச் சூட்டில் ஆவியாக வேண்டும். மூடுபனி நாளில் அது காய்வதில்லை, நிரம்பி வழியும். அது கோளாறு இல்லை, எடுத்து ஊற்றிவிடுங்கள். கதவுச் சட்டத்தைத் தொட்டால் சூடாக இருக்கிறது என்று பயந்து கேட்பவர்களும் உண்டு. அங்கே வியர்க்காமல் இருக்க வேண்டுமென்றே சூட்டுக்குழாய் ஓடுகிறது.

ஆனால் கைப்பிடியைத் தொட்டால் விரலில் சுள்ளென்று இழுக்கிறது என்றால் அதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். செருப்புப் போட்டால் தெரியவில்லை என்று சமாளிக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளை அதே கைப்பிடியைப் பிடிக்கும். எர்த் கம்பி இல்லை, அல்லது எங்கோ அறுந்திருக்கிறது, அதோடு உள்ளே கசிவும் இருக்கிறது என்று அர்த்தம். பழைய லயக் காம்பராக்களில் இரண்டு கம்பி மட்டும் இழுத்துக் கொடுத்த பிளக் பேஸ்கள் இன்னும் இருக்கின்றன. பெட்டியை நிறுத்திவிட்டு மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தால் அதை நேரடியாக இணைத்துத் தரச் சொல்லாதீர்கள். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழுவதற்கென்றுதான் அது இருக்கிறது. பெட்டி போட்டதும் விழாமல், பல மணி நேரத்துக்கு ஒருமுறை விழுந்தால் ஐஸ் கரைக்கும் ஹீட்டருக்குள் ஈரம் போயிருக்கலாம் என்று வருபவரிடம் சொல்லுங்கள், அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

எதில் கை வைக்கக்கூடாது என்று கேட்டீர்களே. குழாயில் வைக்காதீர்கள். வெட்டுவது, ஒட்டுவது, கேஸ் நிரப்புவது எதுவும் வீட்டு வேலை இல்லை. கம்ப்ரசரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆர் 134ஏ என்று இருந்தால் அது தீப்பிடிக்காத வகை. ஆர் 600ஏ என்று, தீச்சுவாலை படத்தோடு இருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன். நாம் சமைக்கிற கேஸின் இனத்தைச் சேர்ந்தது. இப்போது வரும் பெட்டிகளில் அதிகம் இதுதான். ஓசோனைக் கெடுத்த பழைய ஆர் 12ஐ நிறுத்திய பிறகு, பூமியைச் சூடாக்குவதும் குறைய வேண்டும் என்று கொண்டு வந்தது, நல்ல விஷயம்தான். வீட்டுப் பெட்டிக்குள் சில பத்து கிராம்தான் இருக்கும். ஆனால் சமையல் கேஸில் மணம் சேர்த்திருப்பார்கள், இதில் சேர்ப்பதில்லை, கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. ஒரு சின்னக் காம்பரா, கதவு ஜன்னல் சாத்தியிருக்கிறது, ஒரு மூலையில் விறகடுப்பு கனன்றுகொண்டிருக்கிறது, அங்கே ஒருவர் தீப்பந்தத்தை வைத்துக் குழாய் ஒட்டுகிறார் என்றால், நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். தெரிந்தவர் இந்த வேலையைத் திறந்த வெளியிலோ தன் கடையிலோதான் செய்வார். இன்வேர்ட்டர் பெட்டியின் பின்பலகையையும் திறக்காதீர்கள். அதன் கம்ப்ரசர் நாள் முழுக்க மெதுவாக ஓடிக்கொண்டே இருப்பது இயல்பு, நிற்கவில்லை என்று பயப்பட வேண்டாம்.

லொறியில் பெட்டி ஏற்றிக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வார்த்தை. நிமிர்த்தியே கொண்டுவாருங்கள். படுக்க வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், வீட்டில் இறக்கி ஓர் இரவு முழுக்க நிமிர்த்தி வைத்துவிட்டுக் காலையில் கரண்ட் கொடுங்கள். நம் பாதை வளைவுகளில் குலுங்கி கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் ஏறியிருக்கும், அது இறங்க நேரம் வேண்டும்.

தங்கச்சி, இன்று இரவு இதைச் செய்யுங்கள். தெர்மோஸ்டாட் என்ன எண்ணில் இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டு ஒன்று கூட்டுங்கள். வெதுநீர்ப் போத்தல் இரண்டை வையுங்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் ஐஸை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்து ஃப்ரீசரில் விடுங்கள். காலையில் நாணயம் மேலேயே இருந்தால் ஐஸ் உருகவில்லை, உள்ளே இறங்கியிருந்தால் இரவில் உருகியிருக்கிறது. சுவரில் தொங்கும் வெப்பமானி ஒன்று கிடைத்தால் விடியற்காலை ஐந்து மணிக்குக் குசினியில் எத்தனை பாகை என்றும் பாருங்கள். மூன்று இரவு பார்த்து எழுதுங்கள். மெத்தென்று ஆன மீனைத் திரும்ப உறைய வைக்காமல் அன்றைக்கே சமைத்துவிடுங்கள். அந்தக் கேஸ்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாணயம் இறங்காமல் இருந்தும் ஏதாவது கோளாறு தெரிந்தால், ஃப்ரீசர் தட்டில் உறைபனி எங்கே பூத்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.